மயில் மீனும் கருப்பு மார்லினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈட்டி மாதிரி மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மீன் படம் கண்ணில் பட்டால் போதும், "இது மயில் மீனா, மார்லினா?" என்று யாராவது எனக்கு அனுப்பிவிடுவார்கள். தூண்டில் பைத்தியம் என்று பெயர் எடுத்ததன் பலன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

இரண்டும் ஒரே மீன்தானே? ஆண் பெண் வித்தியாசம்தானே?

இல்லை. குடும்பம் ஒன்று, இனம் வேறு. மயில் மீனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் முதுகில் பாய் உண்டு, அதாவது கப்பல் பாய் மாதிரி விரிகிற உயரமான துடுப்பு. மார்லினில் இரண்டுக்குமே அப்படிப்பட்ட பாய் கிடையாது. மார்லினிலும் சில வகைகள் இருக்கின்றன. நான் இங்கே பேசுவது கருப்பு மார்லினைப் பற்றி. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழ்கிற மீன் அது. அதன் அறிவியல் பெயரே 'இஸ்டியோம்பாக்ஸ் இண்டிகா'. பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

தரையில் கிடக்கிற மீனைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னை காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்கு வந்து கிடக்கும் மயில் மீனை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். படத்தில் பார்த்த பாய் எங்கே? நீலம் எங்கே? ஈரத் தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு நீளக் கட்டை மாதிரிக் கிடக்கும். குனிந்து முதுகைப் பாருங்கள், நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். பாய் முழுவதும் அதற்குள்தான் மடிந்து கிடக்கிறது. பிடரிப் பக்கம் விரலை விட்டு, முதல் முள்ளைப் பிடித்து மெல்ல முன்னோக்கித் தூக்கினால், மடக்கிய விசிறி விரிகிற மாதிரி மொத்தமும் எழும்பும். கருநீல ஜவ்வு, அதில் மை தெளித்தது போலப் புள்ளிகள். உடம்பின் உயரத்தைவிட அந்தத் துடுப்பின் உயரம் அதிகம். அப்புறம் வயிற்றுப் பக்கம் பார்த்தால் நூல் மாதிரி மெல்லிய இரண்டு இடுப்புத் துடுப்புகள் ஆசனவாய் வரைக்கும் நீண்டிருக்கும். அவற்றையும் பள்ளத்தில் மடித்து வைத்திருக்கும். மூக்கு மெலிசு.

கருப்பு மார்லினுக்கு முதுகுத் துடுப்பு குட்டை. முன்னால் சின்னதாக ஒரு கொம்பு போல எழுந்து உடனே தாழ்ந்துவிடும், உடம்பின் உயரத்தில் பாதிகூட வராது. மூக்கு தடிமன், பிடரி எருதுத் திமில் மாதிரிப் புடைத்திருக்கும்.

ஆனால் பாயையும் திமிலையும் நம்பாமல் அடையாளம் சொல்ல ஒரு வழி இருக்கிறது: மார்புத் துடுப்பைப் பிடித்து மடக்கிப் பாருங்கள். மயில் மீனில் அது உடம்போடு படியும். மற்ற மார்லின்களிலும் படியும். கருப்பு மார்லினில் மட்டும் விமானத்தின் இறக்கை மாதிரி விறைத்து நிற்கும். வலிந்து அழுத்தினால் மூட்டு முறியுமே தவிர மடியாது. சின்னக் குட்டிகளில் கொஞ்சம் அசையலாம், வளர்ந்த மீனில் சந்தேகமே வேண்டாம். ஒருமுறை ஏலக்காரர் ஒருவர் அதில் தடுக்கி விழப் பார்த்ததை நேரில் கண்டேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நீல மார்லின், கோடு மார்லின் என்கிறார்களே?

நீல மார்லினுக்கு மார்புத் துடுப்பு மடியும், முதுகுத் துடுப்பின் முன்முனை கருப்பு மார்லினுடையதைவிடத் தூக்கலாக இருக்கும். உலகத்தின் எல்லா வெப்பக் கடல்களிலும் உண்டு. கோடு மார்லினில் முதுகுத் துடுப்பின் முன்பகுதி ஏறக்குறைய உடம்பின் உயரத்துக்கு எழும், பக்கவாட்டில் வரிகள் தெளிவாக இருக்கும். அதனால் படத்தில் கோடு மார்லினைப் பார்த்து மயில் மீன் என்று சொல்வது சகஜம். பாய் என்றால் முதுகின் நடுவிலும் உயரமாக இருக்க வேண்டும், முன்னால் மட்டும் தூக்கி நின்றால் போதாது.

வாள் மீன் இதில் எது?

இரண்டும் இல்லை. வாள் மீன் தனிக் குடும்பம். மூக்கு உருண்டையாக இல்லாமல் தட்டையாக, நிஜமாகவே வாள் மாதிரி இருக்கும். இடுப்புத் துடுப்பு அறவே கிடையாது, வளர்ந்த மீனுக்குச் செதிலும் பல்லும் இருக்காது.

ஊரில் என்ன பெயர்?

தமிழகக் கடற்கரையில் மயில் மீன், சில இடங்களில் மயில் கோலா. விரித்த பாயைப் பார்த்தால் பெயர்க் காரணம் கேட்க வேண்டியதில்லை. இலங்கையில் சிங்களத்தில் மயில் மீன் 'தலபத்', மார்லின் 'கொப்பரா'. அங்குள்ள தமிழர் பேச்சிலும் இவை கலந்து வரும். தாளிப்பனை ஓலைக்கும் சிங்களத்தில் கிட்டத்தட்ட அதே சொல்தான். நாம் மயிலைக் கண்ட இடத்தில் அவர்கள் ஓலையைக் கண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மலாயில் 'இக்கான் லாயாரான்', அதாவது பாய் மீன்.

எது பெரிசு?

இதில் போட்டியே இல்லை. மயில் மீன் 3 மீட்டருக்கு மேல் நீளலாம், ஆனால் எடை ஏறாது. ஒல்லிப்பிச்சான். நம் பக்கத்துக் கடலில் 30, 40 கிலோ என்றாலே நல்ல மீன். தூண்டிலில் பிடித்த மயில் மீன்களில் உலக சாதனை 100 கிலோ சொச்சம். 1947இல் எக்வடோரின் சாந்தா குரூஸ் தீவருகே பிடித்தது.

கருப்பு மார்லினின் சாதனை 707 கிலோ. 1953 ஆகஸ்ட் 4ஆம் தேதி, பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்ற அமெரிக்கர் பிடித்தார். பழைய மாருதி 800 காரின் எடையைவிட அதிகம். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படகோரம் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். எழுபது ஆண்டுக்கு மேலாகிறது, அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் வெப்ப நீரும் சந்திக்கிற இடம் காபோ பிளாங்கோ. சின்ன மீன் மண்டிக்கிடந்தது, அதைத் தின்ன பெரிய மீன் வந்தது. 1950களில் பணக்காரர்கள் அங்கே கிளப் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அந்த வளமும் போனது, கிளப்பும் போனது.

ஒரு விஷயம்: மார்லினில் ராட்சசர்கள் எல்லாம் ராட்சசிகள்தான். ஆண் 200 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். யாராவது "300 கிலோ மார்லின் பிடித்தேன், என்ன முரட்டு ஆண்!" என்று அளந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

மயில் மீன்தான் உலகத்திலேயே வேகமான மீன், மணிக்கு 110 கி.மீ. என்று படித்தேன். உண்மையா?

பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகம் முதல் வினாடி வினா வரை எங்கும் வருகிற எண் இது. எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் லாங் கீ மீன்பிடி முகாமில், ஒரு மயில் மீன் 3 வினாடியில் 91 மீட்டர் லைனை (தூண்டில் நரம்பை) ரீலிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது என்று பல காலம் முன்பு சொன்னார்கள். வினாடிக்கு 30 மீட்டர் என்றால் மணிக்கு 109 கி.மீ. கணக்கு சரிதான், அளந்த பொருள்தான் தப்பு. ரீலிலிருந்து லைன் உருள்கிற வேகமும் மீன் நீந்துகிற வேகமும் ஒன்றல்ல. மீன் ஒரு பக்கம் ஓடும், படகு எதிர்ப்பக்கம் போகும், நடுவில் லைன் தண்ணீருக்குள் வில்லாக வளைந்து இழுபடும். இதற்கு நடுவே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து 3 வினாடி எண்ண வேண்டும்!

2016இல் வெளியான ஓர் ஆய்வில் மயில் மீனின் தசை எவ்வளவு சீக்கிரம் சுருங்கி விரிகிறது, ஒரு வாலடிக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து உச்ச வேகத்தைக் கணக்கிட்டார்கள். கிடைத்தது வினாடிக்கு 8 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு சுமார் 30 கி.மீ. உசைன் போல்ட் தரையில் இதைவிட வேகமாக ஓடியிருக்கிறார். உயிருள்ள மீனில் கருவி பொருத்தி வேட்டையின்போது அளந்தபோதும் வினாடிக்கு 10 மீட்டரை அது தாண்டவில்லை. இன்னொரு தடையும் உண்டு. வினாடிக்கு 10, 15 மீட்டரைத் தாண்டினால் துடுப்பைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கும். கப்பலின் இரும்பு விசிறியையே அரித்துத் தின்கிற சங்கதி அது, மீனின் துடுப்பு எம்மாத்திரம்.

கருப்பு மார்லினுக்கு மணிக்கு 130 கி.மீ. என்று சொல்கிறார்களே, அதுவும் ரீல் கணக்குதான். இரண்டில் எது வேகம் என்று கேட்டால், அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்பேன். தூண்டில் மாட்டிய முதல் அரை நிமிடத்தில் ரீல் போடுகிற சத்தத்தைக் கேட்டவன் எந்த எண்ணையும் நம்புவான், அது வேறு விஷயம்.

பாய் எதற்கு? மூக்கால் இரையைக் குத்துமா?

குத்துவது அபூர்வம், வெட்டுவதுதான் வழக்கம்.

மெக்சிகோவின் இஸ்லா முஹேரெஸ் தீவருகே மயில் மீன்கள் கூட்டமாக மத்தி வேட்டையாடும். ஆராய்ச்சியாளர்கள் அங்கேதான் தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுத்தார்கள். மயில் மீன்கள் மத்திக் கூட்டத்தைப் பந்து மாதிரி மடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முறை வைத்து நெருங்கும். பாய்ந்து வரும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. மெதுவாக வந்து மூக்கைக் கூட்டத்துக்குள் நைசாக நுழைக்கும். அவ்வளவு மெலிசு என்பதால் மத்திக்கு எச்சரிக்கையே தோன்றாது. அப்புறம் ஒரே வெட்டு, இடமோ வலமோ. மூக்கு நுனியின் முடுக்கம் கடல் முதுகெலும்பிகளில் இதுவரை அளந்தவற்றிலேயே மிக அதிகமானவற்றில் சேரும். அடிபட்டுச் செதில் பறந்து தடுமாறும் மத்தியை எடுத்துக்கொள்ளும். நமக்கு இடக்கை வலக்கைப் பழக்கம் இருப்பது போல ஒவ்வொரு மயில் மீனுக்கும் ஒரு பக்கத்து வெட்டு கைவந்திருக்கிறது என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். தனியாக வேட்டையாடினால் மத்தி அதைப் படித்துவிடும். கூட்டத்தில் இடக்கைக்காரனும் வலக்கைக்காரனும் கலந்து வருவதால் படிக்க முடியாது.

பாய் விரிவது இந்த நேரத்தில்தான். அவ்வளவு வேகமாகத் தலையை ஒரு பக்கம் வெட்டினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும், விரிந்த பாய் அதைத் தடுத்து நிறுத்துகிறது. நேராக ஓடும்போது மடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் பாய் விரித்துக் கப்பல் மாதிரிப் போகும் என்பதெல்லாம் கதை.

கருப்பு மார்லினுக்கு இந்த நாசூக்கு கிடையாது. மத்தியைப் பொறுக்கிக்கொண்டிருக்க அதற்குப் பொறுமையும் இல்லை, அதன் வயிற்றுக்கு அது போதவும் போதாது. சூரையை (டூனா) அடித்துத் திருப்பி, தலை முன்னால் வரும்படி முழுசாக விழுங்கும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு அதிசயம்: கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று சுருங்கும் வேலையை விட்டுவிட்டு சூடு உண்டாக்கும் அடுப்பாக மாறியிருக்கிறது. குளிர்ந்த ஆழத்துக்குப் போனாலும் கண்ணும் மூளையும் விறைக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

எங்கே போனால் பார்க்கலாம்?

கருப்பு மார்லின் என்றால் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பெரிய பெண் மீன்கள் முட்டையிட கிரேட் பேரியர் பவளத்திட்டின் வெளி விளிம்புக்கு வரும். 1966 செப்டம்பரில் 'சீ பேபி' என்ற படகில் 1,064 பவுண்டு மீன் ஒன்று பிடிபட்டது, சுமார் 480 கிலோ. அதற்குப் பிறகு அந்த ஊர் பழைய ஊராக இல்லை.

மயில் மீனுக்குத் தமிழருக்கு எட்டுகிற இடம் மலேசியாவின் கோலா ரொம்பின். பகாங் மாநிலத்தின் கிழக்குக் கரை, கோலாலம்பூரிலிருந்து காரிலேயே போய்விடலாம். இதுதவிர கென்யாவின் மலிந்தி, மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா. அந்தமானிலும் பிடித்துத் திரும்ப விட்டுவிடுகிற விளையாட்டுப் படகுகள் உண்டு.

நம் கடலில் இரண்டுமே இருக்கின்றன, ஆனால் விளையாட்டுக்கு அல்ல. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் அரபிக் கடலில் நாள்கணக்கில் தங்கி சுறாவுக்கும் சூரைக்கும் போடுகிற தூண்டிலில் இவையும் ஏறும். சூரை வலையிலும் மாட்டும்.

தூண்டிலில் எது கஷ்டம்?

முதலில் சொல்லிவிடுகிறேன், கருப்பு மார்லினை நான் தூண்டிலில் பிடித்ததில்லை. கெய்ன்ஸில் அது தனி உலகம். 60 கிலோ தாங்குகிற லைன், தரையோடு திருகிய நாற்காலி, இடுப்பில் பட்டை, இரைக்கு ஒரு முழு நெய்மீன். அந்த மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

மயில் மீன் அப்படியல்ல. ரொம்பினில் நாங்கள் நாலு பேர் போனோம், மச்சான்தான் ஏற்பாடு. விடிந்ததும் படகோட்டி முதலில் 'அப்பொலோ' போட்டார். குட்டிக் குட்டி முள்ளுகள் வரிசையாகக் கட்டிய தங்கூசி அது. அதில் துள்ளுகிற சின்ன மீன்களைப் பிடித்து உயிரோடு தொட்டியில் விட்டுக்கொண்டு, அப்புறம்தான் மயில் மீன் தேடிப் போனோம். பறவைகள் தாழப் பறக்கிற இடத்தில் உயிர் இரையை விட்டோம். மீன் முதலில் மூக்கால் ஒரு தட்டு தட்டும், தடியில் "டொக்" என்று வரும். அங்கேதான் எல்லோரும் கெடுக்கிறோம். நானும் வெடுக்கென்று இழுத்தேன், மீன் போனது. படகோட்டி தலையில் அடித்துக்கொண்டார். நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள் போட்டிருக்கும்போது சுண்டவே கூடாது. லைனை விட்டு, மீன் இரையோடு திரும்பும் வரை எண்ணிக்கொண்டிருந்து, மெல்ல இறுக்கினால் போதும், முள் தானாகக் கடைவாயில் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது மீனில்தான் அது கைவந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் படகோரம் வந்துவிட்டது, ஆனால் அதற்குள் தண்ணீருக்கு மேலே ஆடிய ஆட்டம்! என் கை மறுநாள் காலைதான் நடுங்குவதை நிறுத்தியது.

பலத்துக்கு மார்லின், ஆட்டத்துக்கு மயில் மீன். எனக்கு ஆட்டம்தான் பிடிக்கும்.

பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்களாமே, அது பிழைக்குமா?

பிழைக்க வைக்கலாம். வட்டமுள் கடைவாயில் மாட்டுவதால் தொண்டையும் வயிறும் கிழிவதில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இந்த மூக்கு மீன் போட்டிகளில் இயற்கை இரை போடுபவர்கள் வட்டமுள்தான் போட வேண்டும் என்று 2008 முதல் விதியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1973 முதல் தூண்டில்காரர்களே மீனுக்கு அடையாள அட்டை குத்தித் திரும்ப விடுகிற திட்டம் நடக்கிறது, மார்லின் எவ்வளவு தூரம் போகிறது என்று அப்படித்தான் தெரிய வந்தது.

கெடுப்பது பெரும்பாலும் போட்டோ ஆசை. நான்கு பேர் சேர்ந்து மீனைப் படகுக்குள் இழுத்து மடியில் போட்டுப் படம் எடுத்து, பிறகு வீசினால் அது நீந்திப் போவது போலத் தெரியும், அவ்வளவுதான். தண்ணீரிலேயே மூக்கைக் கையுறையோடு பிடித்து, படகை மெல்ல ஓட்டி, செவுளுக்குள் தண்ணீர் புகவிட்டு, அதுவாக உதறும்போது விட வேண்டும். மூக்கு உங்கள் முகத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. துள்ளி வந்த மீனால் குத்துப்பட்டவர்கள் உண்டு.

சாப்பிடலாமா? எது ருசி?

சந்தையில் துண்டு போட்டு விற்பதைத் தெரியாமலே சாப்பிட்டிருப்பீர்கள். சதை கெட்டி, முள் தொந்தரவு இல்லை. மயில் மீன் வறுவலைவிடக் காரக்குழம்புக்கு நன்றாக இருக்கும், வறுத்தால் சக்கை மாதிரி ஆகிவிடுகிறது. மார்லினில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று பாதரசம். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கிற பெரிய மீன் என்பதால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களில் மார்லினை அமெரிக்க உணவுத் துறை வைத்திருக்கிறது. மயில் மீனையும் அவர்களுக்கு நான் வாங்க மாட்டேன். இரண்டு, ஐஸ் வைக்காமல் வெயிலில் கிடந்த துண்டு. சூரையில் வருகிற மாதிரி ஹிஸ்டமின் நஞ்சு இதிலும் வரும். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். நன்றாக வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள்.

பிடிக்கத் தடை ஏதாவது உண்டா?

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 60 செ.மீ.க்குக் குறைந்த மயில் மீனையும் மார்லினையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. அந்த 60 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து அல்ல, கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவடு வரை. மூக்கு முறிந்த மீனும் வரும் என்பதால் இப்படி அளக்கிறார்கள். அமெரிக்கா 2012இல் சட்டம் போட்டு இவற்றின் விற்பனையையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது, ஹவாய்க்கும் அமெரிக்காவின் பசிபிக் தீவுப் பகுதிகளுக்கும் மட்டும் விலக்கு. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் மயில் மீன் அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. கருப்பு மார்லினுக்கோ முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

முதல் தடவை போகிறேன். எதைத் தேடிப் போக?

மயில் மீன். செலவு குறைவு, ஒரே நாளில் நாலைந்து தட்டாவது கிடைக்க வாய்ப்பு உண்டு, முதல் மீன் போனாலும் இன்னொன்று வரும். மார்லினுக்கு ஒரு வாரம் படகு எடுத்து ஒன்றுகூடப் பார்க்காமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டால் வேலை செய்யாது, அரை மணி முன்பே போட்டுவிடுங்கள். சட்டைக்கு மேல் முழுக்கைச் சட்டை. "டொக்" என்று வந்தால் எண்ணுங்கள், இழுக்காதீர்கள்.